மதிலுக்கு வெளியே ஐம்பது மீட்டர்: பல்கலைக்கழக வளாகத்தைத் தெருவோடு இணைப்பது எப்படி?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சதுரமான ஒரு பல்கலைக்கழக வளாகம். ஒவ்வொரு பக்கமும் 1 கிலோமீட்டர் நீளம், சுற்றிலும் மதில். முன்பக்க மதிலின் நடுவில் ஒரே ஒரு வாயில். மாணவர் விடுதி பின்மதிலின் நடுப்பகுதியிலிருந்து 30 மீட்டர் உள்ளே இருக்கிறது. அதே மதிலுக்கு வெளியே 20 மீட்டரில் ஒரு பஸ் நிறுத்தம். விடுதி ஜன்னலில் நின்றால் பஸ்ஸின் எண் பலகையைப் படிக்கலாம். நேர்க்கோட்டில் அளந்தால் 50 மீட்டர்தான். ஆனால் நடந்து போக வேண்டுமென்றால், முதலில் முன்வாயில் வரை ஏறத்தாழ 1 கிலோமீட்டர். வெளியே வந்து மதிலோரமாக மூலை வரை அரை கிலோமீட்டர். பக்கவாட்டில் 1 கிலோமீட்டர். திரும்பவும் அரை கிலோமீட்டர். மொத்தம் 3 கிலோமீட்டர். சராசரி மனிதர் நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார் என்று திட்டக்காரர்கள் கணக்கு வைப்பது வழக்கம். அப்படியென்றால் 37 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பின்மதிலில் 3 மீட்டர் அகலத்துக்கு ஒரு வழி திறந்தால் அதே பயணம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புதிய பஸ், புதிய சாலை, புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். நகரத்துக்கு நடுவே இருக்கும் வளாகங்களில் 'அணுகலை மேம்படுத்துதல்', 'தெரு இணைப்பை மேம்படுத்துதல்' என்று பெருந்திட்டங்களில் எழுதப்படுவதன் வேர் இந்தக் கணக்குதான். அத்தனை எளிதாக இருந்தும் ஏன் பல இடங்களில் நடப்பதில்லை என்றால், அந்த 3 மீட்டருக்குப் பின்னால் பூட்டு, காவல், சாலை அகலம், சிக்னல் நேரம், யாருடைய நிலம் என்ற சண்டை என்று ஒரு வரிசையே காத்திருக்கிறது.

தூரத்தை எப்படி அளப்பது?

நடக்கும் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் சுற்று விகிதம். மேலே சொன்ன விடுதிக்கு அது 60. நேர்த்தியான சதுரக் கட்டத் தெருக்கள் உள்ள ஊரில், எந்தத் தெருச் சந்தியிலிருந்து எந்தச் சந்திக்குப் போனாலும் இந்த விகிதம் 1.41-ஐத் தாண்டாது. எதிர் மூலைக்குப் போகிறவருக்குத்தான் அந்த 1.41, தெருவின் திசையிலேயே போகிறவருக்கு 1. ஒரு வளாகத்தைச் சுற்றி 2, 3 என்று விகிதம் வரும் இடங்களை வரைபடத்தில் குறித்தாலே, எங்கே வழி அடைபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு அளவுகோல், ஒரு புள்ளியிலிருந்து குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு பரப்பைக் காலால் எட்ட முடியும் என்பது. ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம், அதாவது 400 மீட்டர் என்று வைப்போம். காகம் பறக்கிற கணக்கில் அது சுமார் 50 ஹெக்டேர் வட்டம். சதுரக் கட்டத் தெருக்களில் நடந்தால் எட்டும் பரப்பு 32 ஹெக்டேர், கிட்டத்தட்ட 64 சதவீதம். நடுவில் ஒரு மதிலோ, கடக்க முடியாத நெடுஞ்சாலையோ வந்தால் இது மளமளவென்று குறையும். 'நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள் எங்கள் வளாகம் இருக்கிறது' என்று வட்டம் போட்டுக் காட்டும் படத்தை நம்பாதீர்கள். வட்டத்தை வரைவது எளிது. அதற்குள் மதில் தெரியாது.

தெருக்கள் பின்னும் வலையில் ஒவ்வொரு கண்ணும் எவ்வளவு பெரியது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகர மையத்தில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவே உள்ள மனைத்தொகுதி வெறும் 200 அடி, ஏறக்குறைய 61 மீட்டர். போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே பரவிக் கிடக்கிறது. 2001-இல் ஓடத் தொடங்கிய டிராம் அதன் வழியே போகிறது. அங்கே 'வளாகத்துக்குள் நுழைவது' என்ற சொல்லுக்கே பெரிய பொருள் இல்லை. தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கட்டத்தில் இரு பக்கமும் வகுப்பறைகளாகிவிடும்.

வளாகங்கள் தீவானது எப்படி?

ஊருக்கு வெளியே அமைதியைத் தேடிப் போய்க் கட்டிய வளாகங்கள் பல, பின்னால் ஊர் வளர்ந்து வந்து சூழ்ந்ததால் தீவாயின. வேறு சில, ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு தெருக்களை விழுங்கித் தீவாயின. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நடுவே 116-ஆம் தெரு போய்க்கொண்டிருந்தது. பிராட்வேக்கும் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவுக்கும் இடைப்பட்ட அதன் துண்டு 1953-இல் வாகனங்களுக்கு மூடப்பட்டு நடைவழியானது. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நடுவே ஓடிய லோகஸ்ட் தெருவும் இப்படித்தான் லோகஸ்ட் நடைவழியாக மாறியது. பழைய தெருக்களை அழித்து, பல மனைத்தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்துப் பெருந்தொகுதி ஆக்குவது அந்தக் காலத்து நகரச் சீரமைப்பின் விருப்பமான உத்தி.

தெருவில் காரைத் தடுப்பது வேறு, ஆளைத் தடுப்பது வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். கார் போகாத லோகஸ்ட் நடைவழி அந்த வளாகத்தின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது; நடப்பவருக்கு அது இழப்பே இல்லை. கொலம்பியாவின் நடைவழியும் பல பத்தாண்டுகள் அக்கம்பக்கத்தார் குறுக்கே போய்வரும் பாதையாக இருந்தது. 2024-இல் போராட்டங்களை அடுத்து அதன் வாயில்கள் வெளியாருக்கு மூடப்பட்டபோதுதான், அது தெருவா தனிச்சொத்தா என்ற கேள்வி ஊருக்கே உறைத்தது. பல்கலைக்கழகத்தின் கையில் சாவி உள்ள வழி, நெருக்கடி வந்தால் முதலில் பூட்டப்படும் வழி. எனவே இணைப்பைத் திட்டமிடும்போது 'வழி இருக்கிறதா' என்பதோடு 'சாவி யாரிடம்' என்றும் கேட்பது நல்லது.

மதிலால் இன்னொரு தீமையும் உண்டு. நீண்ட மதிலையோ, கார் நிறுத்துமிடத்தையோ ஒட்டிய தெருவில் போய்வர ஆளுக்குக் காரணம் இருக்காது. கடை வைத்தால் வியாபாரம் ஓடாது. கடை இல்லாததால் இன்னும் ஆள் குறையும். ஆள் குறைந்ததால் இரவில் பயம் வரும். பயம் வந்ததால் மதிலை உயர்த்துவார்கள். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இலேயே இதை 'எல்லை வெற்றிடம்' என்ற பெயரில் விளக்கிவிட்டார். பெரிய பூங்கா, மருத்துவமனை, ரயில் தடம், பல்கலைக்கழகம் என்று ஒரே பயன்பாடு நீளமாக உட்கார்ந்திருக்கும் எல்லா இடங்களின் ஓரத்திலும் இந்த நோய் வரும் என்பது அவர் கணிப்பு.

இதற்கு மருந்து வாயில்களின் எண்ணிக்கை மட்டுமல்ல, கட்டடம் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது என்பதும்தான். ஜூடித் ராடின் தலைவராக இருந்த 1994 முதல் 2004 வரையிலான காலத்தில், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் போக்கை மாற்றிக்கொண்டது. வால்நட் தெருவில் கார் நிறுத்துமிடமாகக் கிடந்த இடத்தில் புத்தகக் கடை, கடைகள், ஹோட்டல் எல்லாம் தெருவைப் பார்த்து வாசல் வைத்து வந்தன. புத்தகக் கடை 1998-இல் திறந்தது. சுற்றுப்புற வீட்டு உரிமையாளர்கள் வாசலில் விளக்கு போட்டால் அதன் செலவில் பங்கு தரும் ஏற்பாடும் இருந்தது. வளாகத்துக்குள் நூறு விளக்குக் கம்பம் நட்டாலும் கிடைக்காத பலன் அந்த வாசல் விளக்குகளுக்கு உண்டு. மாணவர் வீடு திரும்புவது அந்தத் தெருக்கள் வழியாகத்தானே!

வாயிலுக்கு வெளியே சாலை

வாயில் திறந்துவிட்டால் மட்டும் போதாது. வெளியே கால் வைத்ததும் சாலை குறுக்கே நிற்கும். நகர வளாகங்களின் உண்மையான மதில் பெரும்பாலும் அந்தச் சாலைதான். என்னைக் கேட்டால், வளாக இணைப்புக்காகச் செலவிடும் பணத்தில் பாதியைச் சாலை கடக்கும் இடங்களிலேயே போடலாம் என்பேன்.

பல்கலைக்கழகத்துக்கு உரிய ஒரு சிக்கல் இங்கே வருகிறது. கடைவீதியில் ஆட்கள் நாள் முழுக்கச் சீராக வருவார்கள். வளாகத்தில் மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாக வெளியே வருவார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் 1,200 பேர் ஒரு சாலையைக் கடக்க வேண்டும் என்று வையுங்கள். சிக்னல் சுற்று, அதாவது ஒரு பச்சை தொடங்கி அடுத்த பச்சை தொடங்கும் வரையிலான நேரம், 120 விநாடி என்றால் 5 முறைதான் பச்சை வரும். ஒவ்வொரு முறைக்கும் 240 பேர் கூடி நிற்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 2, 3 பேர் என்று நின்றாலும் 80 முதல் 120 சதுர மீட்டர் இடம் வேண்டும். 3 மீட்டர் நடைபாதையில் அது 27 முதல் 40 மீட்டர் நீளக் கூட்டம். அதற்குமேல் வருபவர் எங்கே நிற்பார்? சாலையில்தான். சுற்றை 60 விநாடியாகக் குறைத்தால் ஒரு தடவைக்கு 120 பேர். சாலையில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் கூட்டம் பாதியாகிவிடுகிறது.

காத்திருப்பு 30 விநாடியைத் தாண்டினால் நடப்பவர்கள் பொறுமை இழந்து சிவப்பிலேயே குறுக்கே பாயத் தொடங்குகிறார்கள் என்பது போக்குவரத்துப் பொறியாளர்களுக்குத் தெரிந்த பழைய உண்மை. இதை மாணவர்களின் ஒழுக்கக்கேடு என்று எழுதிவைத்து, தடுப்புக் கம்பி போடுவது வீண் வேலை. கம்பி போட்ட இடத்திலிருந்து இருபது மீட்டர் தள்ளிக் கடப்பார்கள், அவ்வளவுதான்.

பச்சை நேரத்தின் நீளமும் பார்க்க வேண்டிய ஒன்று. 18 மீட்டர் அகலச் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 15 விநாடி போதும். மூட்டு வலியோடு விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பேராசிரியருக்கு 22 விநாடிக்கு மேல் வேண்டும். நடுவில் ஒரு தீவுத் திட்டு அமைத்தால் இரண்டு தவணையாகக் கடக்கலாம்; ஆனால் நடுவே இன்னொரு முறை காத்திருக்க வைத்துவிடாதபடி சிக்னலை அமைக்க வேண்டும். வண்டிகளுக்குப் பச்சை வருவதற்கு 3 முதல் 7 விநாடி முன்பே நடப்பவருக்குப் பச்சை கொடுப்பது இன்னொரு எளிய வழி. திரும்பும் வண்டிக்காரர் பார்க்கும்போது ஆள் ஏற்கெனவே சாலை நடுவில் இருப்பார். கவனிக்காமல் திருப்ப முடியாது.

வேகம் பற்றிச் சுருக்கமாக: சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினால் உயிரிழப்பு விபத்தின் வாய்ப்பு 4 சதவீதம் ஏறுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆட்கள் நிறைய நடக்கும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது அது பரிந்துரைக்கும் எல்லை. பலகை நட்டால் வேகம் குறைந்துவிடாது. தடத்தின் அகலத்தைக் குறைப்பது, திருப்பத்தின் வளைவை இறுக்குவது, கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது ஆகியவைதான் குறைக்கும்.

மேம்பாலம் கட்டிவிட்டால் என்ன?

கூட்டம், சாலை, விபத்து என்று பேச்சு வந்தவுடன் யாராவது ஒருவர் நடை மேம்பாலம் என்பார். படத்தில் அழகாக இருக்கும், திறப்பு விழாவும் வைக்கலாம். பெரும்பாலான இடங்களில் அது காருக்காகக் கட்டப்படும் பாலம் என்பது என் கருத்து. கார் நேரே போகிறது. நடப்பவர் ஒன்றரை மாடி ஏறி இறங்குகிறார்.

இந்த யோசனையை முழுதாகச் செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. 1965-இல் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் திறந்தது. கட்டடக் கலைஞர் வால்டர் நெட்ஷ், கட்டடங்களை இணைக்க இரண்டாம் மட்டத்தில் கருங்கல் நடைவழிகளை அமைத்தார். மேலே விரைவு நடை, கீழே நிழலில் இன்னொரு நடை. தாளில் அது அற்புதம். நடைமுறையில் மேலே வெயில், காற்று, பனி, கீழே இருட்டு. நடமாட்டம் இரண்டு தளமாகப் பிரிந்ததால் இரண்டிலும் ஆள் குறைவாகத் தெரிந்தது. 1990-களில் அந்த நடைவழிகளை இடித்துத் தள்ளினார்கள்.

விதிவிலக்கு இல்லாமலில்லை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம் அருகே 2016-இல் திறந்த ரயில் நிலையத்திலிருந்து, மாண்ட்லேக் சாலைக்கு மேலே ஒரு பாலம் வளாகத்துக்குப் போகிறது. அங்கே வளாகத்தின் தரையே மேட்டில் இருக்கிறது. நடப்பவர் எப்படியும் ஏற வேண்டியவர்தான். நிலத்தின் சரிவு பாலத்துக்குத் துணை நிற்கும் இடத்தில் பாலம் சரி. சமதரையில் ஏற்றி இறக்கினால் மக்கள் கீழேயே கடப்பார்கள்.

சாலையையே மாற்றிய இரண்டு ஊர்கள்

மான்செஸ்டரின் ஆக்ஸ்போர்ட் சாலையில் இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரு பெரிய மருத்துவமனையும் இருக்கின்றன. ஐரோப்பாவிலேயே பஸ் நெரிசல் மிகுந்த தடங்களில் ஒன்று என்று பெயர் எடுத்த சாலை. அதன் பெரும்பகுதியில் இப்போது காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை தனியார் கார்கள் நேரே போக முடியாது; பஸ், சைக்கிள், டாக்சி போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. சைக்கிள் தடம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் சுற்றிப் போகிறது. பஸ் ஓரம் கட்டும்போது சைக்கிள்காரர் நடுச்சாலைக்கு ஒதுங்க வேண்டியதில்லை. அதே சமயம், பஸ் ஏறப் போகிறவர் சைக்கிள் தடத்தைக் கடந்துதான் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது புதிய சிரமம். எந்த மாற்றமும் யாரோ ஒருவரின் தலையில் கொஞ்சம் பாரத்தை இறக்கத்தான் செய்கிறது. அது யார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கதை வேறு விதம். மினியாபொலிஸ் வளாகத்துக்கு நடுவே வாஷிங்டன் அவென்யூ போகிறது. அதில் ரயில் விட வேண்டும் என்று திட்டம் வந்தபோது, பல்கலைக்கழகமே 2009-இல் வழக்குப் போட்டது. ரயிலின் அதிர்வும் மின்காந்தத் தொந்தரவும் ஆய்வகங்களின் நுண்கருவிகளைப் பாதிக்கும் என்பது அதன் கவலை. விதண்டாவாதம் அல்ல, நியாயமான கவலைதான். நுண்ணோக்கிக்கு அருகே தண்டவாளம் வருவதை எந்த ஆய்வகமும் விரும்பாது. 2010-இல் உடன்பாடு வந்தது. தடுப்பு ஏற்பாடுகளோடு தடம் போடப்பட்டு 2014 ஜூனில் 'பசுமைத் தடம்' என்ற பெயரில் அந்த ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் வந்ததோடு, வளாகத்தை இரண்டாகப் பிளந்து ஓடிய அந்தச் சாலையின் துண்டிலிருந்து கார்களும் போய்விட்டன. இப்போது அங்கே ரயில், பஸ், சைக்கிள், நடப்பவர்கள். எதிர்த்து வழக்குப் போட்ட நிறுவனத்துக்கே அமைதியான நடுத்தெரு ஒன்று கிடைத்தது.

பஸ்ஸும் ரயிலும் வந்தால் மட்டும் ஆள் ஏறிவிடமாட்டார். கட்டணமும் கையில் இருக்கும் பாஸும் அதற்குச் சமமான முக்கியம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991-இலேயே யூ-பாஸ் என்ற பொதுப் பயணச்சீட்டைக் கொண்டுவந்தது. ஒரே அட்டையில் பஸ் பயணம் அடங்கிவிடுவதால் ஒவ்வொரு நாளும் 'காரா பஸ்ஸா' என்ற கணக்கு எழுவதில்லை. மறுபக்கம், கார் நிறுத்தத்தை இலவசமாக வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கூட்டம் வரவில்லையே என்று வருந்தும் நிர்வாகங்களும் உண்டு. நிறுத்துமிடத்துக்குள் கார் போய்வரும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகும். 1,000 கார்களுக்கு 2.5 முதல் 3 ஹெக்டேர். ஒரு கார் நிற்கும் இடத்தில் 10 சைக்கிள் நிறுத்தலாம். நகர மையத்து நிலத்தின் மதிப்பைப் பெருக்கிப் பார்த்தால், அந்த 'இலவசம்' எவ்வளவு பெரிய மானியம் என்று புரியும்.

சக்கர நாற்காலியும் வெள்ளைக் கோலும்

அணுகல் என்ற சொல்லுக்கு இன்னும் நேரான பொருள், படி ஏற முடியாதவரும் கண் தெரியாதவரும் தனியாக வகுப்புக்கு வந்து போக முடியுமா என்பது. இந்த விஷயத்தில் பல்கலைக்கழகங்கள் தெருக்களுக்கு ஒரு நல்லதைச் செய்திருக்கின்றன. எட் ராபர்ட்ஸ் 1962-இல் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போலியோவால் கைகால் செயலிழந்தவர். அவரைத் தொடர்ந்து வந்த மாணவர்கள், வளாகத்துக்குள் மட்டுமல்ல, வெளியே கடைவீதிக்கும் போக வேண்டும் என்று கேட்டார்கள். நடைபாதை விளிம்பு ஒவ்வொரு மூலையிலும் சக்கர நாற்காலியைத் தடுத்தது. 1971-இல் பெர்க்லி நகர மன்றம் டெலிகிராஃப் அவென்யூ உள்ளிட்ட தெருக்களின் மூலைகளில் சரிவு அமைக்க முடிவெடுத்தது. இன்று அந்தச் சரிவுகளைச் சூட்கேஸ் இழுப்பவரும் குழந்தை வண்டி தள்ளுபவரும் பயன்படுத்துகிறார்கள்.

காலுக்குத் தட்டுப்படும் புடைப்புக் கற்களும் கல்விக்கூடத்துக்கு அருகே பிறந்தவையே. ஜப்பானில் செய்ச்சி மியாக்கே 1965-இல் உருவாக்கிய அந்தக் கற்கள், 1967-இல் ஓகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன.

சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு 1:12. அதாவது 1 மீட்டர் உயர 12 மீட்டர் நீளம். வாயிலில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குப் படி இருந்தால் 7 மீட்டருக்கு மேல் சாய்தளம் வேண்டும். கட்டடம் கட்டி முடித்த பிறகு இந்த 7 மீட்டரைத் தேடினால் கிடைக்காது. அதனால்தான் பின்பக்கம், குப்பைத் தொட்டிக்கு அருகே ஒரு சாய்தளம் என்ற அவலம் நேர்கிறது.

அழகுக்காகச் செய்யும் ஒன்று இன்னொருவரின் அணுகலைக் கெடுக்கவும் கூடும். லண்டனில் இம்பீரியல் கல்லூரியும் அருங்காட்சியகங்களும் இருக்கும் எக்ஸிபிஷன் சாலையில், நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே விளிம்பே இல்லாமல் ஒரே தளமாக்கினார்கள். 2011-இல் பணி முடிந்தது. கார்கள் தயங்கித் தயங்கிப் போகும், எல்லோரும் கண்ணால் பேசிக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. கண்ணால் பேச முடியாதவர்களுக்கு? விளிம்பை வைத்தே திசை அறியும் பார்வையற்றோரும் வழிகாட்டி நாய்களும் அங்கே தடுமாற நேரும் என்று எதிர்ப்பு எழுந்தது. 2018-இல் பிரிட்டிஷ் அரசே இத்தகைய ஒரே தளத் திட்டங்களை நிறுத்திவைக்கும்படி உள்ளூர் நிர்வாகங்களைக் கேட்டுக்கொண்டது.

யார் செய்ய வேண்டும்?

மதில் வரை பல்கலைக்கழகம், நடைபாதை நகராட்சி, சாலை நெடுஞ்சாலைத் துறை, சிக்னல் போக்குவரத்துக் காவல், நிறுத்தம் பஸ் நிறுவனம். ஒரு வாயிலிலிருந்து எதிர்ப்பக்கம் போகும் 30 மீட்டரில் இத்தனை பேர் உண்டு. ஒவ்வொருவரின் வரைபடமும் அவரவர் எல்லையோடு முடிந்துவிடும். வளாகப் பெருந்திட்டத்தில் மதிலுக்கு வெளியே வெறும் வெள்ளைத் தாள். நகரத்தின் வரைபடத்தில் வளாகம் பச்சை நிறக் கட்டி. இந்த இரண்டையும் ஒரே தாளில் வரைவதுதான் முதல் வேலை, அதற்குச் செலவும் இல்லை.

பாதுகாப்பு என்ற ஆட்சேபம் கட்டாயம் வரும். அதை ஒதுக்கிவிட முடியாது; குறிப்பாக விடுதிகளும் அபாயகரமான ஆய்வகங்களும் இருக்கும் இடத்தில். ஆனால் கட்டடத்தின் கதவைக் காப்பதும் நிலத்தின் எல்லையைக் காப்பதும் ஒன்றல்ல. கதவில் அட்டை வைத்துத் திறக்கும் பூட்டு போட்டுவிட்டு, இடையில் உள்ள வெளியை ஊருக்கு விடலாம். முடியாவிட்டால் நேரம் குறித்துத் திறக்கலாம். அப்படிச் செய்யும்போது கடைசி வகுப்பு, நூலகம் மூடும் நேரம், கடைசி பஸ் மூன்றையும் பார்த்து நேரம் குறிக்க வேண்டும். வாயில் மாலை 6 மணிக்கும் நூலகம் இரவு 10 மணிக்கும் மூடினால், இரவில் தனியாக வரும் மாணவிதான் நீண்ட வழியைச் சுற்ற வேண்டியிருக்கும்.

இன்னொரு ஆட்சேபத்துக்கு வரலாறே சாட்சி. சிகாகோ வளாகத்துக்காக இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி இடிக்கப்பட்டது. ஃபுளோரன்ஸ் ஸ்காலா தலைமையில் போராடியும் தடுக்க முடியவில்லை. பிலடெல்பியாவில் 'பிளாக் பாட்டம்' என்று அழைக்கப்பட்ட கறுப்பினத்தவர் குடியிருப்பு 1960-களில் நகரச் சீரமைப்பில் அழிந்தது. கொலம்பியா தன் புதிய மன்ஹாட்டன்வில் வளாகத்தில் தெருக்களை மூடாமல், மதிலும் வைக்காமல் கட்டியிருக்கிறது. கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த 17 ஏக்கர். தெரு இணைப்பின் கண்ணில் அது பழைய வளாகத்தைவிட மிக நல்லது. ஆனால் அந்த நிலத்தின் ஒரு பகுதி கட்டாயக் கையகப்படுத்தல் வழக்கைத் தாண்டி, 2010-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகே வந்தது. பக்கத்தில் வசிப்பவர்களிடம் 'உங்களுக்காகத் தெருவைத் திறக்கிறோம்' என்று சொல்லும்போது அவர்கள் சந்தேகமாகப் பார்த்தால் வியப்படைய வேண்டாம். வாடகை ஏறுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

எங்கே தொடங்குவது?

புல்தரையில் பார்க்கலாம். மக்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்பதை அவர்களின் கால்களே எழுதிவைத்திருக்கும். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'ஓவல்' புல்வெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பாதைகள், மாணவர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகளைப் பின்பற்றிப் போடப்பட்டவை. வளாக ஓரங்களிலும் இதே தடயங்கள் உண்டு. வேலியில் விலக்கப்பட்ட கம்பி, மதிலோரம் அடுக்கிய கல், சாலை நடுத்திட்டில் தேய்ந்த புல். காவலர்கள் அவற்றை அத்துமீறலாகப் பார்ப்பார்கள். திட்டமிடுபவர் அவற்றை வரைபடத்தில் புள்ளியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, வகுப்பு மாறும் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு கடவையிலும் ஆள் எண்ண வேண்டும். ஒரு முறை மழையிலும், ஒரு முறை இருட்டிய பிறகும். சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரோடு நிறுத்தத்திலிருந்து வகுப்பறை வரை போய்வர வேண்டும்.

பிறகு எதை முதலில் செய்வது என்பது செலவை விடக் காலத்தைப் பொறுத்தது. வாயில் நேரமும் சிக்னல் விநாடியும் சில வாரங்களில் மாறக்கூடியவை. கோடு, தற்காலிகத் தடுப்பு, நகர்த்தக்கூடிய தொட்டி போன்றவற்றால் கடவையைச் சோதித்துப் பார்க்க ஒரு பருவம் போதும். நடைபாதையை அகலமாக்கவும் சரிவு அமைக்கவும் ஓரிரு ஆண்டு ஆகும். சாலையின் பயன்பாட்டையே மாற்றுவதும், கட்டடங்களைத் தெருப்பக்கம் திருப்புவதும் பல ஆண்டுக் கணக்கு. பெரிய திட்டத்துக்கு ஒப்புதல் வரும் வரை சிறியதையும் தள்ளிப்போடுவது நிர்வாகங்களின் வழக்கமான பிழை.

பின்மதிலில் வழியைத் திறந்த முதல் வாரத்திலேயே எண்ணிப் பார்த்து 'யாரும் வரவில்லையே' என்று மூடிவிடக் கூடாது. பழகிய வழியை மனிதர்கள் மெதுவாகத்தான் மாற்றுவார்கள்; வீடு பார்ப்பது, பஸ் தேர்வது எல்லாம் அதையொட்டிப் பின்னர்தான் மாறும். அடுத்த கல்வியாண்டில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்குப் பழைய வழி தெரியாது. அவர்களுக்கு அந்த வாயில் தொடக்கத்திலிருந்தே இருப்பதுதான். ஆகவே இரண்டாவது எண்ணிக்கையை அவர்கள் வந்து ஓரிரு மாதம் கழித்து, தேர்வுக் காலம் தவிர்த்து, முதல் தடவை எண்ணிய அதே கிழமையில், அதே மணி நேரத்தில் எடுக்க வேண்டும்.